கல் திரும்பும் கோணம்

கீழச்செறுவை நடுத்தெருவில் ரெத்தினம் வாங்கிய மாடிவீட்டின் மேல் எறியப்பட்ட கற்களில் ஒன்றுகூட அந்த வீட்டைத் தொட்டதில்லை. சுவரை நெருங்கியதும் அவை காற்றிலேயே வளைந்து அண்டை வீடுகளில் விழுந்தன. அவ்வாண்டு குறுவை நன்றாக விளைந்திருந்தது. காலனியில் பிறந்து, தெருக்காரர்களின் வயலில் நாற்றுப் பறித்த ரெத்தினமும் அவர் மனைவி அமிர்தமும் அதே தெருக்காரர்களுக்கு நடுவிலேயே குடியேறியதைத் தெரு பொறுக்கவில்லை. வண்டல் பூமியில் கல் கிடைக்காது என்பதால் முதலில் வயலிலிருந்து மண்ணாங்கட்டிகளை எடுத்து எறிந்தார்கள். பிறகு எதிர்வீட்டு இராஜாங்கம் புதுக்கோட்டையிலிருந்து ஒரு லாரி ஜல்லி இறக்கினார். அதில் ஒரு கல் வளைந்து வந்து அவருடைய காரின் கண்ணாடியையே உடைத்தது. புகார் கொடுக்கப் போன இடத்தில், கல்லை எறிந்தது யார் என்று கேட்டார்கள், திரும்பி வந்துவிட்டார்.

"மந்திரிச்சு வச்சிருக்கியாடா ரெத்தினம்?" என்று தன்னிலும் மூத்தவரைப் பார்த்துத் தெருவில் நின்று கத்தினார். ஜன்னல் வழியே பதில் வந்தது. "கை வலிக்கும், மோர் தரட்டுங்களா?" என்றார் அமிர்தம். "அடடா, எங்க வீட்டு மோரு உங்களுக்கு எறங்காதுல்ல."

ரெத்தினம், அமிர்தம் தம்பதியின் மகள் செந்தாமரை ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் இருந்தாள். எலக்ட்ரான்களை அணுக்கருவின் மேல் ஏவி, அவை சிதறும் கோணங்களைக் கொண்டு, கண்ணுக்கு எட்டாத அக்கருவுக்குள் என்ன இருக்கிறது என்று கணிப்பது அவளுடைய தொழில். வீட்டை இராஜாங்கத்துக்கே விற்றுவிட்டுப் பெற்றோரைத் தன்னோடு அழைத்துப்போக முடிவுசெய்து விடுப்பில் வந்தாள். "வித்துட்டு வந்துடுங்கப்பா" என்றாள். "ஒரு கல்லும் விழலையேம்மா, எதுக்குப் போவணும்?" என்றார் ரெத்தினம். விழாததன் காரணத்தை அறியாமல் அவரை அசைக்க முடியாது என்று கருதியவள், மொட்டைமாடியில் அமர்ந்து கற்கள் திரும்பும் கோணங்களை அளக்கத் தொடங்கினாள். மெல்ல வந்த மண்ணாங்கட்டிகள் தொலைவிலேயே விலகின. உள்ளே ஏதோ உண்டு என்பதற்கு மேல் அவை எதையும் சொல்லவில்லை. வேகமாக வந்த ஜல்லிகள் சுவர்வரை நெருங்கின, சில வந்த வழியே நேராகத் திரும்பின. எறிபவரின் வெறுப்பு கூடக் கூட, வீட்டின் உட்புறம் அவளுக்குத் துலக்கமாகத் தெரிந்தது. ஆகவே ஒரு பிற்பகலில் மாடியிலிருந்து குனிந்து, "இன்னும் கொஞ்சம் வேகமா எறிங்க சார், இது பத்தல" என்று கேட்டுக்கொண்டாள். "நக்கலா?" என்ற இராஜாங்கம், கவண் வைத்திருந்த ஆட்களை வரவழைத்தார்.

கணக்கு முடிந்தபோது, கற்களைத் திருப்பும் மையங்கள் அவ்வீட்டில் இரண்டு என்று தெரிந்தது. ஒன்று அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடமாடியது. மற்றொன்று நாற்காலியில் அசையாமல் இருந்தது. வீட்டில் இருந்தவர்களோ மூவர். அவள் அமர்ந்திருந்த மாடியில் எந்த மையமும் இல்லை. பிழை என்று எண்ணி மீண்டும் கணக்கிட்டாள், விடை மாறவில்லை. மறுநாள், பெற்றோர் வீட்டுக்குள் இருக்க, தெருமுனையில் தனியே போய் நின்றாள். இராஜாங்கம் எறிந்த கல் சற்றும் வளையாமல் வந்து அவள் புருவத்தைக் கிழித்தது. தெரு கைதட்டியது.

இரத்தத்தைத் துடைத்த அமிர்தம் மகளைக் கடிந்துகொள்ளவில்லை. "நீதான் போறதுன்னு முடிவு பண்ணிட்டியே. இல்லாத ஆள கல்லு எப்படிடி கண்டுக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

திருத்துறைப்பூண்டியில் தையல் போட்டுக்கொண்டு திரும்பிய செந்தாமரை ஜெர்மனி வேலையை விட்டாள். திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கச் சேர்ந்தாள். வீடு விற்பனைக்கு இல்லை என்பதை இராஜாங்கத்திடம் நேரில் சொன்னாள். "வெளிநாட்டு வேலய விட்டுட்டு இங்க என்ன கிடக்குது ஒனக்கு?" என்று அவர் பொருமினார். "தெனமும் உங்க முகத்தப் பாக்கணும்ல சார்" என்றாள். ஊர்ப்பாசம் எதுவும் அவளுக்கு இல்லை. கைதட்டியவர்கள் ஒவ்வொருவரையும் அவள் நினைவில் வைத்திருந்தாள். சம்பா நடவின்போது கற்கள் அவளை உரசிக்கொண்டு போயின. பொங்கலுக்குள் ஒரு சாண் விலகின. கோடையில், பேருந்துக்கு நின்றவள் மேல் வந்த கல் எறிந்தவரையே தேடிப் போனது.

எறிவது நிற்கவில்லை. இராஜாங்கம் இறந்தபின் அவர் மகன் ஜல்லி இறக்குகிறார். நடுத்தெருவில் இப்போது புதுவீடு கட்டுகிறவர்கள் ரெத்தினத்தின் வீட்டைப் பார்த்த பக்கம் ஜன்னல் வைப்பதில்லை; கொத்தனார்களும் ஏன் என்று கேட்பதில்லை.