பாலத்தின் நடுவில் ஒரு நிறுத்தம்

எனக்குப் பேனிக் என்னும் திடீர்ப் பீதி நோய்க்கான சிகிச்சை முடிந்த மறுநாளிலிருந்து காவிரிப் பாலம் வளரத் தொடங்கியது. திருச்சியில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி நாளன்று டாக்டரிடம் கேட்டேன். "இனிமே வராதுல்ல?"

"வரும்."

"வந்தா?"

"உக்கார வைங்க."

அவர் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் நின்றபடியே நன்றி சொன்னேன்.

இன்று ஸ்ரீரங்கத்தில் என் தங்கை சுடர்க்கொடிக்கு வளைகாப்பு. அவள் கழுத்தில் தாலி ஏறியபோது நான் மண்டபத்தின் ஜெனரேட்டர் அறையில் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி அவள் இதுவரை பேசியதில்லை. அதனால் இன்று போயே ஆகவேண்டும்.

பேருந்து பாலத்தில் ஏறியது. பக்கத்து இருக்கையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்மணி.

"எங்க இறங்கணும் நீங்க?" என்று கேட்டேன்.

"டிக்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சுவர்க்கடிகாரமாகியிருந்தார். கீழே விழுந்துவிடாமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

கண்டக்டர் வந்தார். "கடிகாரத்துக்கு டிக்கெட்?"

"மனுஷியா இருக்கும்போதே எடுத்துட்டாங்க."

"சரி."

தண்ணீர் முடியவில்லை. பாலமும் முடியவில்லை. என் விரல்கள் மரத்தன. நெஞ்சு கடிகாரத்தைவிட வேகமாக அடித்தது. ஆறு மாதமாக வராதது வந்துவிட்டது.

"சார், நான் சாகப்போறேனா?"

"இந்த வண்டி ஸ்ரீரங்கம்தான் போகும்" என்றார் கண்டக்டர்.

பாலத்தின் நடுவில் பேருந்து நின்றது. அங்கே இதற்கு முன் நிறுத்தம் இருந்ததில்லை. இப்போது பெயர்ப்பலகையில் என் பெயர், இனிஷியலோடு. நிழற்குடைக்குள் மின்விசிறி, பானைத் தண்ணீர், கட்டில், சலவை செய்த தலையணை உறை.

"இறங்கறவங்க இறங்கலாம். திரும்பிப் போற வண்டி உடனே வரும்."

நான் எழுந்தேன். கால் படிக்கட்டு வரை போனது. இறங்கினால் நெஞ்சு உடனே அடங்கிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் இறங்கியிருக்கிறேன். சந்தையில், திரையரங்கில், தங்கையின் கல்யாணத்தில்.

"என்னம்மா, இறங்குறியா?"

"இல்ல. காத்து வாங்குறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சன்னல் பக்கமாக நகர்ந்து பயத்துக்குப் பாதி இருக்கை விட்டேன். அது உட்கார்ந்தது. கனமாக இருந்தது. நெரித்தது. வியர்த்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. படபடப்பு ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு ஏற இடமில்லாமல் மெதுவாக இறங்கியது. கை நடுக்கம் மட்டும் போகாமல் தங்கிவிட்டது.

பேருந்து கிளம்பியது. பாலம் சலித்துப்போய் முடிந்தது.

பின்பக்கம் எழுதியிருந்த முகவரியைப் பார்த்து, கடிகாரத்தை அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கணவர் வந்து வாங்கிக்கொண்டு, "இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டியே" என்று அதனிடம் சொன்னார்.

தங்கை வீட்டில் கூட்டம். சுடர்க்கொடி மனையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம்.

"ஏன்க்கா லேட்டு?"

"பாலம் வளந்துடுச்சுடி."

"என் வயிறுந்தான் வளந்திருக்கு. நான் வந்து உக்காரலையா?"

தட்டிலிருந்து வளையலை எடுத்து அவள் கையில் போட்டேன். என் நடுக்கத்தில், மற்றவர்கள் அவளுக்கு ஏற்கெனவே போட்டிருந்த வளையல்களெல்லாம் சேர்ந்து கலகலத்தன. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கை நடுங்குது. வேற யாரையாவது போடச் சொல்லு" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அன்று மண்டபத்தில் அவள் என்னைத் தேடியிருப்பாள் என்பது அந்தப் பிடியில் தெரிந்தது.

"நடுங்கட்டும்க்கா. நீ போட்டாத்தான் நல்லா சத்தம் வருது."

வயிற்றுக்குள்ளிருந்து குழந்தை, "இன்னொண்ணு போடுங்க பெரியம்மா" என்றது.

தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தேன்.