கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே

உலகம் முடிந்துபோகாத மறுநாள் காலை, ரயில் நிலைய அறிவிப்பாளர் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டவர் வெளியே வரவே இல்லை. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவருக்கு அந்தப் பெயர்தான். குரல் அப்படி. அவர் ஒலிபெருக்கியில் தும்மினால் நாலு நிலையம் தள்ளி நிற்கிற வண்டி பயந்துபோய்க் கிளம்பிவிடும்.

அந்தக் குரலில்தான் தேவாலயத்தில் சபை நடுவே நின்று உலகம் முடியும் நாளைக் குறித்தார். வேதாகமத்தில் சிங்கக் குகையில் கிடந்த தீர்க்கதரிசி சொன்ன வாரங்களை எடுத்துக்கொண்டார். ஒரு வாரம் என்றால் ஏழு ஆண்டு. அதுவும் நம் சுவரில் தொங்கும் காலண்டர் ஆண்டு இல்லை. மாதத்துக்கு முப்பது நாளாக முந்நூற்று அறுபது நாள் ஓடும் பழங்கால ஆண்டு. பாபிலோன் நிலவையும் எகிப்துச் சூரியனையும் கூட்டிக் கழித்து, கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமையைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். போதகரே அதை டைரியில் குறித்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா? உலகமே போகப்போகிறது, கல்யாணம் எதற்கு என்று மகளின் கல்யாணத்தை இரண்டு வருடம் இழுத்தடித்தார். நாற்காலி, மேசை, கட்டில் எல்லாவற்றையும் கண்டவருக்கும் தூக்கிக் கொடுத்தார். சம்பந்தியாக வரப்போகிறவர் மரச்சாமான் கடைக்காரர் என்பதையாவது யோசித்திருக்கலாம்.

செவ்வாய் வந்தது, போனது. வானம் ஒரு தூறல்கூடப் போடவில்லை.

மகள் குளியலறைக் கதவைத் தட்டினாள். "அப்பா, நான் இன்னைக்கு மருந்துக்கடை வேலைக்குப் போகணுமா, வேண்டாமா? லீவுன்னா இப்பவே சொல்லணும்."

கேலியா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தெரியவில்லை. கேலியாக இருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கணக்கை மறுபடி மனசுக்குள் ஓட்டினார். சட்டென்று பொறி தட்டியது. கி.மு. ஒன்று முடிந்தால் நேரே கி.பி. ஒன்றுதான். நடுவில் பூஜ்ஜிய ஆண்டு என்று ஒன்று கிடையவே கிடையாது. இவர் அதையும் ஓர் ஆண்டாக எண்ணித் தொலைத்திருக்கிறார். ஆக, இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது. போன உயிர் திரும்பி வந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி வெளியிலிருந்து. "சம்பந்தி வந்திருக்கார். உக்கார வைக்க வீட்டுல ஒண்ணுமில்ல. அந்த வாளியைக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். மரச்சாமான் கடைக்காரர் வாளியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"நல்ல தேக்கு, சம்பந்தி," என்றார். "அப்புறம், வண்டி வரல போலிருக்கே."

அறிவிப்பாளர் தரையைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த மாசம் மண்டபம் காலியா இருக்கு. உங்ககிட்ட வேற தேதி ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு தடவை என் பையனைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு வாயில்ல."

பாக்கியிருந்த அந்த ஒரு வருடம் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் போதும், கப்பலேறிய மானம் கரைக்குத் திரும்பிவிடும். சபையில் மறுபடி நெஞ்சை நிமிர்த்தி நடக்கலாம்.

மகள் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். அவரைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாகவே தன் முகத்தை அவள் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் எண்ணுவதில் சூரன், இதை எண்ணவில்லை.

"தேதி எதுவும் இல்ல," என்றார். "கணக்கு தப்பு. அடுத்த மாசமே வச்சுக்கலாம்."

நாலு நிலையத்துக்குக் கேட்ட குரல் வாளியைத் தாண்டவில்லை.

"கேக்கலப்பா," என்றாள் மகள், செருப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே.

எந்த அறிவிப்பையும் இரண்டு முறை சொல்ல வேண்டும் என்பது அவர் வேலையில் விதி. தொண்டையைச் செருமிக்கொண்டார். தலை மட்டும் நிமிரவில்லை.

"நான் போட்ட கணக்குதாம்மா தப்பு," என்றார், தெருவுக்கே கேட்கும்படி.