டாக்டர் கார்வின்

ஸ்ரீபெரும்புதூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பழனிவேலுக்கு ஒரே மகன். அவனுக்கு அவர் வைத்த பெயர் கார்வின். முருகனும் பெருமாளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, மனிதர் போய்ப் பிடித்தது படக்கதைப் புத்தகத்தில் வந்த ஒரு ஷெரீப்பை. அமெரிக்கப் பாலைவனத்தில் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை மேல் திரிந்த போலீஸ் அதிகாரி. தமிழில் அவர் கதை நாலு புத்தகம் வந்தது. ஐந்தாவதை யாரும் கேட்கவில்லை, அதனால் வரவும் இல்லை. இன்றைக்கு உலகத்தில் ஷெரீப் கார்வினை நினைவு வைத்திருப்பவர் பழனிவேல் ஒருவராகத்தான் இருக்கும்.

அதுவும் சும்மா நினைவா? கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்த அட்டைப்படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஆட்டோவின் முதுகில் சிவப்பு எழுத்தில் அதே பெயர். படப்பை ரோட்டில் ஷிஃப்டுக்கு நிற்பவர்கள் "கார்வின் வண்டி போயிடுச்சா?" என்றுதான் விசாரிப்பார்கள். பேச்சில்கூட 'அவன்' என்று சொல்ல மாட்டார். ஒன்றுவிட்ட பெரியப்பாவைச் சொல்வதுபோல 'அவரு' என்பார். "அவரு குதிரைய ஒருநாளும் அடிச்சது கெடையாது" என்று சவாரிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டே, குறுக்கே புகும் பைக்காரனைத் திட்டாமல் வழிவிடுவார். கேட்பவர்கள் யாரோ குதிரை வண்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பெயரைச் சுமந்தவன் மகன். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். புதிதாக வரும் சூப்பர்வைசர் ஒவ்வொருவரும் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எந்த சர்ச் என்று கேட்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் லைன் முழுக்க அவனுக்குக் கை கொடுக்கும். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் பெயர் கேட்பார்களே என்று, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று முந்திக்கொள்வான். பெரிய பக்திமான் என்று பட்டர் மெச்சியதுதான் மிச்சம்.

அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த சௌந்தர்யாவுக்கும் அவனுக்கும் பிடித்துப்போனது. படப்பைப் பக்கம் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். ஜாதகம் பொருந்தியது, குலதெய்வக் கதைகளும் ஒத்துப்போயின. பெண்ணின் அம்மா அம்சவல்லிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. போனிலேயே கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனைக்காதப்பா. நீங்க மதம் மாறினவங்களா? பேரு அப்டி கீதே."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். எங்கப்பாவுக்குப் படக்கதைப் பைத்தியம் என்றிருந்தால் அந்த அம்மா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். தொப்பி போட்ட ஒரு பொம்மையின் பெயர்தான் தனக்கு என்று மாமியாராகப் போகிறவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. பொய்க்கு மட்டும் நன்றாக எழுந்தது.

"இல்லங்க. நான் பொறக்கறப்ப அம்மாவுக்கு ரொம்ப சீரியஸ். வெளிநாட்டு டாக்டர் ஒருத்தர்தான் ரெண்டு பேரையும் காப்பாத்தினாரு. அவரு பேரு கார்வின்."

மறுமுனையில் அம்சவல்லி உச்சுக் கொட்டினாள். சௌந்தர்யாவிடமும் அதையே சொல்லி வைத்தான். அவள் கண் கலங்கியபோது அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுக்கவில்லை.

வீட்டிலாவது சொன்னானா? எந்த வாயால் சொல்வான்? பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டம் போட்ட படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சொருகினான். ஆட்டோவை அடுத்த தெருவில் நிறுத்தச் சொன்னான்.

"இன்னாத்துக்குடா?" என்றார் பழனிவேல்.

"எடம் அடைக்கும்பா. அவுங்க கார்ல வர்றாங்க."

அவர் சுவரில் தனியாக நின்ற ஆணியைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியை மாற்றி நிறுத்திவிட்டு வந்தார்.

சௌந்தர்யாவின் அப்பா ரகுபதி, அம்மா அம்சவல்லி, தாய்மாமன் பரசுராமன் மூன்று பேரும் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி என்று எல்லாம் முறைப்படி நடந்தது. ஆடி கழிந்ததும் பூ வைத்துவிடலாம் என்று ரகுபதி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கார்வினுக்கு மூச்சு சீராக வந்தது. அப்போது பரசுராமன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, அந்த டாக்டரு இப்ப எங்க கீறாரு? நேர்ல போயி ஒரு பத்திரிகை வெக்கணும்ல."

"எந்த டாக்டரு?" என்றார் பழனிவேல்.

"அதாங்க, பிரசவத்துல தாயையும் புள்ளையையும் காப்பாத்தினாரே. தம்பிக்கு அவரு பேரத்தான வெச்சிகிறீங்க."

சமையலறை வாசலில் கார்வினின் அம்மா ஜெயலட்சுமி கரண்டியும் கையுமாக நின்றுவிட்டாள். அவளுக்கு நடந்தது சுகப்பிரசவம். நர்ஸ் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் பிள்ளை வெளியே வந்துவிட்டது என்று தெரு முழுக்கப் பெருமையடித்தவள் அவள்.

பழனிவேல் மகனைப் பார்த்தார். மகன் பஜ்ஜித் தட்டைப் பார்த்தான். "அவரு டாக்டர் இல்லீங்க, ஷெரீப்" என்று அப்பா ஆரம்பித்தால் தீர்ந்தது. ஆரம்பித்தால் அந்த மனிதர் லேசில் நிறுத்தவும் மாட்டார். பெற்ற தாயை வைத்துப் பொய் சொன்னவனுக்கா பெண் என்று எழுந்து போய்விடுவார்கள். சௌந்தர்யா முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

"அவரு இல்லீங்க," என்றார் பழனிவேல். "போய்ட்டாரு. ரொம்ப வருஷம் ஆவுது."

"அடப்பாவமே," என்றாள் அம்சவல்லி. "எப்பிடிப்பட்டவருங்க அவரு?"

பழனிவேல் தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

"நல்ல மனுஷங்க. அதிகமா பேச மாட்டாரு. தாகத்துல செத்துகினு இருந்தாலும், பக்கத்துல கீறவனுக்குத்தான் மொதல்ல தண்ணி குடுப்பாரு. அவன் திருடனா இருந்தாலும் சரி." சுவரில் அந்த ஆணியைப் பார்த்தார். "அவர மாதிரி ஒருத்தர நான் அப்பறம் பாக்கலீங்க."

அம்சவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் காலத்தில் யார் அப்படி இருக்கிறார்கள் என்று பரசுராமன் தலையாட்டினார். அந்தத் தண்ணீர் எந்தத் தண்ணீர் என்று கார்வினுக்குத் தெரியும். இரண்டாவது புத்தகம், குதிரை செத்த பிறகு கைதியோடு ஷெரீப் நடக்கும் இடம். சின்ன வயதில் அப்பா அவனை மடியில் உட்காரவைத்து அலுக்காமல் படித்துக் காட்டிய பக்கங்கள். அவரைப் பற்றி அப்பா சொன்ன குணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் உயிரோடு வைத்துக் காப்பாற்றிவந்த ஆளை, மகனுக்காகத் தன் வாயாலேயே சாகடித்துவிட்டார். இத்தனை வருஷம் பெயருக்காக வெட்கப்பட்டோம் என்று நினைத்திருந்தான் கார்வின். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து அப்பா முகத்தைப் பார்க்கக்கூட அவனால் முடியவில்லை.

சம்பந்திகளின் கார் தெருமுனையில் திரும்பியது. "ஏன்டா, நான் சாகக் கெடந்தனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஜெயலட்சுமி உள்ளே போனாள். பாத்திரங்கள் அவள் கோபத்தைத் தாங்கிக்கொண்டன.

கார்வின் வாசலில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"தப்புதாம்பா. நானே போன் பண்ணி உண்மைய சொல்லிட்றன்."

"வோணாம்டா. நல்ல காரியம் பேசிகினு போறாங்க. அந்தப் பொண்ணு மனசு ஒடஞ்சி பூடும்."

"அப்பா, நான் உன்ன..."

"உடுடா."

பழனிவேல் படியிறங்கினார். இரண்டடி போனவர் எதையோ யோசித்துக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே இருப்பவளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த டாக்டரு எந்த ஊர்க்காரருன்னு சொல்லி வெச்சிகிற? கல்யாணத்துல யாராச்சும் கேட்டா நானும் அதையே சொல்லணும்ல."

சொன்னால் மனதில் வைத்துக்கொள்வதற்காக அப்பா நின்றுகொண்டிருந்தார்.