மஞ்சள் குடையின் ஆறு படங்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேஸ்திரி வீட்டுச் சமையலறையில் கண்ணாடி டம்ளர் முதலில் உடைந்தது. கீழே விழுந்தது அதற்குப் பிறகுதான். மேஸ்திரியின் மனைவி துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் மேடை விளிம்பிலிருந்து டம்ளர் நழுவுவதைப் பார்த்தாள். பிடிக்கக் கை நீட்டவில்லை. கூட்டி அள்ளியாகிவிட்டது, இனிமேல் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். அன்றைக்கு அவளுக்குத் துவைக்கிற வேலை நிறைய இருந்தது.

மேஸ்திரி என்று தெருவே கூப்பிட்ட அந்த மனிதர், வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றும் தொழிலில் தலை நரைத்தவர். புது வீட்டில் முதலில் எது வேண்டுமோ அதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்பது அவர் வேலையின் அரிச்சுவடி. குழந்தையின் தொட்டிலும் அடுப்பும் லாரிக் கதவை ஒட்டி நிற்கும். யாரும் பிரிக்கப்போகாத மூட்டைகள் உள்ளே ஆழத்தில் கிடக்கும். முந்தைய மழைக்காலத்தில் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வலது கை மெல்லத் திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. எல்லா வார்த்தைகளும் போய், 'அப்புறம்' என்ற ஒன்று மட்டும் அவரிடம் தங்கியது. பசிக்கிறதா என்று கேட்டால் அப்புறம். தூக்கம் வருகிறதா என்றால் அப்புறம். கோபத்துக்கு ஓர் அப்புறம், வெட்கத்துக்கு ஓர் அப்புறம், மின்விசிறியைக் குறைக்கச் சொல்ல ஓர் அப்புறம். அவர் மனைவி கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் புரிந்துகொண்டாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த மகளுக்குத்தான் பாதி புரியும், பாதி புரியாது.

பேச்சுப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்துபோனாள். பயிற்சி மேடம் என்று வீட்டில் அவளுக்குப் பெயர். குழந்தைகள் படப்புத்தகம் ஒன்றைப் பிரித்து, ஆறு படங்களையும் தடித்த அட்டையில் ஒட்டி வைத்திருந்தாள். ஒரு சிறுமிக்கு மஞ்சள் குடை கிடைக்கிறது, காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, சிறுமி அழுகிறாள், மரத்தில் தலைகீழாகத் தொங்கும் குடைக்குள் ஒரு பறவை கூடு கட்டுகிறது, குஞ்சுகள் பறந்துபோகின்றன, குடை திரும்பக் கிடைத்துச் சிறுமி சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை. அட்டைகளைக் கலைத்து மேஜையில் போட்டு, "எது முதல்ல, எது அடுத்து, வரிசையா வைங்க சார். வரிசை வந்துட்டா பேச்சும் பின்னாடியே வரும்" என்றாள். மேஸ்திரி ஒவ்வொரு அட்டையையும் தூக்கிக் கனம் பார்க்கிறவர்போல் பார்த்தார். பிறகு, பறந்துபோன குஞ்சுகளை முதலில் வைத்தார், கூட்டைக் கடைசியில் வைத்தார். மேடம் கிளம்பித் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், உள்ளே டம்ளர் உடைந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில், மேஸ்திரி அட்டைகளை எப்படி அடுக்கினாரோ அப்படித்தான் அன்றன்றைய பொழுது நடந்தது. துணிகள் கொடியில் காய்ந்து மொடமொடத்து, அப்புறம் வாளிக்குள் போய் நனைந்தன. வயிறு நிறைந்து ஏப்பம் வரும். அரை மணி கழித்துச் சாப்பாடு. விருந்தாளி வந்து பேசிப் போன பிறகு அழைப்புமணி அடிக்கும், மேஸ்திரியின் மனைவி உள்ளிருந்தபடியே, "பாத்துப் போங்க!" என்பாள். மகளுக்குச் சாயங்காலக் களைப்பு காலையிலேயே வந்துவிடும். காலைச் சுறுசுறுப்பு ராத்திரி படுக்கப் போகும்போதுதான் வரும். கடை முதலாளி அவளைக் கூப்பிட்டு விசாரித்து, விஷயம் தெரிந்ததும் பிற்பகல் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார். மாடி வீட்டுக்காரம்மா மட்டும் ஒருநாள் இறங்கி வந்து, இந்தக் கோளாறு மேலே ஏறுமா என்று கேட்டாள். ஏறாது என்று தெரிந்ததும் நிம்மதியாகப் போனாள்.

மேஸ்திரியின் மனைவி ஒருமுறை, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அட்டைகளைத் தானே சரியாக அடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை, வெந்த உருளைக்கிழங்கு பச்சையாகிக்கொண்டுதான் இருந்தது. குளித்து வந்தவர் அட்டைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "அப்புறம்" என்றார். அது மானம் போனவருடைய அப்புறம். அவள் மறுபடி அட்டைகளைத் தொடவில்லை. மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னபோது, மேடம் மாத்திரையால் வயிற்றெரிச்சல் வருவதைக் கேட்டுக்கொள்கிற மாதிரி கேட்டுக்கொண்டாள். "சில வீடுகள்ல அப்படி ஆகும்மா. நீங்க யாரும் கை வைக்காதீங்க, அவரே சரி பண்ணுவார்" என்றாள்.

மேஸ்திரிக்கு ஒரு தம்பி இருந்தான். லாரி ஓட்டுவது தம்பி, ஏற்றுவது அண்ணன் என்று வருஷக்கணக்கில் சேர்ந்தே தொழில் செய்தவர்கள். ஒரு வீட்டின் மாடிப்படியில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோவை இரண்டு பேரும் இறக்கியபோது, அது கைநழுவி உருண்டு, கீழே நின்ற வீட்டுக்காரர் காலை முறித்தது. முதலில் கையை விட்டது யார் என்பதில் வந்த பேச்சு வளர்ந்து, இரண்டு பேரும் முகம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். தம்பி லாரியோடு தனியாகப் போனான். அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை. வந்தால், விட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று யாரிடமோ சொன்னானாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மேடம் வந்தபோது, மேஸ்திரி அழுகிற படத்தை முதலில் வைத்தார். சிரிக்கிற படத்தை அதற்கு அடுத்து வைத்தார். காற்றை மூன்றாவதாக வைத்தார். மேடம் போனதும் அவர் மனைவிக்குக் கண்ணீர் கொட்டியது. வெங்காயம்கூட நறுக்கவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை அப்படியே விட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கடைக்குக் கிளம்ப இருந்த மகள் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து தேம்பினாள். மேஸ்திரி நாற்காலியில் ஆடாமல் அசையாமல் இருந்தார். சட்டைக் காலர் நனைகிற அளவுக்குக் கண்ணீர் வழிந்தது. செத்துப்போனவர்களுக்கு மட்டும் அழுகிற அழுகை அது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை. மாடி வீட்டுக்காரம்மா ஓடி வந்து, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டாள். "இன்னும் தெரியலைங்க" என்று மேஸ்திரியின் மனைவி விம்மலுக்கு நடுவே சொன்னாள். வந்தவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்தாள்.

அழுது ஓய்ந்ததும் மேஸ்திரியின் மனைவி முகம் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள். துக்கம் முன்னால் வந்துவிட்டது என்றால், காரணம் இனிமேல்தான் வரும். வருவதற்குள் பிடித்துவிட வேண்டும். தன் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா சந்தையில் சௌக்கியமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகனைக் கூப்பிட்டாள், பெரியம்மாவைக் கூப்பிட்டாள். மகள் தன் சிநேகிதிகளை ஒருவர் விடாமல் கூப்பிட்டாள். எல்லாரும் நன்றாக இருந்தார்கள், எதற்கு இந்த விசாரிப்பு என்று கொஞ்சம் பயந்தும் போனார்கள். இரண்டு பேரும் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் யார் பாக்கி என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"தம்பி" என்றார் மேஸ்திரி.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் வந்த இரண்டாவது வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டு உதட்டைத் தொட்டுப் பார்த்தார். மனைவி அதற்குச் சந்தோஷப்பட நேரமில்லாமல், பல வருஷம் கூப்பிடாத நம்பரைத் தேடி அழுத்தினாள். மறுமுனையில் லாரி உறுமிக்கொண்டிருந்தது.

"தம்பி, எங்க இருக்கீங்க?"

"அண்ணியா?" லாரிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான் தம்பி. "லோடு ஏத்தியாச்சு அண்ணி. மலைரோட்டுக்குக் கிளம்பறேன். என்ன, அண்ணனுக்கு ஏதாவது..."

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான்."

"எனக்கென்ன?"

"இன்னும் ஒண்ணும் ஆகல. ஆனா நாங்க அழுதுட்டோம்."

தம்பிக்கு அந்த வீட்டுச் சங்கதி அரசல்புரசலாகக் காதில் விழுந்திருந்தது. இருந்தாலும் லோடுக்குச் சொந்தக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் வெறும் வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், போயே ஆக வேண்டும், வந்து பேசிக்கொள்ளலாம் என்று இழுத்தான். மேஸ்திரி இடது கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"தம்பி," என்றார். அந்தக் குரலைக் கேட்டு மறுமுனையில் இன்ஜின் நின்றது. நெற்றி வியர்க்க வேறு வார்த்தை தேடினார். கிடைத்தது பழையதுதான். "அப்புறம்."

"அப்புறம் போகச் சொல்றீங்களா?"

"அப்புறம்."

தம்பி லாரியைத் திருப்பினான். தெருவுக்குள் லாரி நுழையாது என்பதால் முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வாசலில் அண்ணனைப் பார்த்தான். கோணிய வாயையும் மெலிந்த தோளையும் பார்த்தான். கட்டிப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு தம்பிக்கும் வந்தது. என்ன சிரிப்பு என்று தெரியாமலே அண்ணியும் மகளும் சிரித்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சமாதானமெல்லாம் நன்றாக முடிந்து, கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் சண்டை ஆரம்பித்தது.

"நீங்கதானே அன்னைக்கு முதல்ல கைய விட்டீங்க?" என்றான் தம்பி.

"அப்புறம்," என்றார் மேஸ்திரி.

"அப்புறமா? அப்படின்னா முதல்ல விட்டது நான்னு சொல்றீங்களா?"

"தம்பி!"

"பாத்தீங்களா அண்ணி? பேச்சே வராத மனுஷன், பழிய மட்டும் எவ்வளவு தெளிவா போடறார்!"

பிற்பகல் முழுக்க அந்தச் சண்டை நடந்தது. பல வருஷம் மனத்துக்குள் போட்டு வைத்ததையெல்லாம் தம்பி எடுத்து வீசினான். மேஸ்திரி இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு ஈடு கொடுத்தார். மேஜையைக் குத்தினார், ஒரு தலையணையைக்கூடத் தூக்கி எறிந்தார். மாடி வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்து கேட்டாள். ஆனால் சமாதானம் முன்னாலேயே ஆகிவிட்டதால், அந்தச் சண்டையால் எதையும் முறிக்க முடியவில்லை. கத்திக் களைத்ததும் தம்பி தலையணையை எடுத்து அண்ணன் முதுகுக்குப் பின்னால் வைத்தான். பீரோவை விட்டது யார் என்பது கடைசிவரை தீரவில்லை. அதைத் தீர்த்தாக வேண்டும் என்று அதன் பிறகு யாரும் நினைக்கவுமில்லை.

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது மலைரோட்டில் ஒரு பக்கம் அப்படியே சரிந்து, பாறையும் மண்ணும் மரங்களுமாக வளைவை மூடியது. அடியில் யாரும் சிக்கவில்லை என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள். தம்பி அதைக் கேட்டுவிட்டு, லோடுக்காரர்களுக்குப் போன் செய்து, சுற்றுவழியில் வர நேரமாகும் என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு லாரி ஓடாத நாட்களில் தம்பி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். உதவி செய்யக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்ப்பான். மேஸ்திரி அடுக்குவார், கலைப்பார். முதலில் கிடைக்கும் குடையையும் பிறகு வரும் காற்றையும் சரியாக வைத்துவிடுவார். கூட்டையும் குஞ்சுகளையும்தான் நெடுநாள் மாற்றி வைத்தார். வெயில் குறைந்த ஒரு நாளில், பறவை கட்டிய கூட்டை எடுத்து அழுகிற சிறுமிக்கு அடுத்து வைத்தார், பறந்த குஞ்சுகளை அதற்கு அடுத்து வைத்தார், சிரிப்பைக் கடைசியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். சமையலறையில் பால் முதலில் சூடாகி, பிறகு பொங்கியது. வெளியே அழைப்புமணி அடித்தது, அதற்குப் பிறகு ஆள் வந்தார். மேடம் அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்து ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்பினாள். மேஸ்திரிக்கு வார்த்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. முழுக்க வரவில்லை, குடும்பம் நடத்தப் போதுமான அளவு வந்தன. மகள் கல்யாணமாகி வேறு ஊர் போனாள். தம்பி லாரியை விற்றான், பேரன்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டான், மூட்டுவலி என்று புலம்பினான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் தூக்கத்திலேயே போய்விட்டான். நல்ல சாவு என்றார்கள்.

தம்பி வீட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. அவன் மனைவியும் பிள்ளைகளும் கதறினார்கள். மேஸ்திரியும் அவர் மனைவியும் மகளும் தலைமாட்டில் நின்றார்கள்; கண்ணில் ஒரு பொட்டுக்கூட வரவில்லை. துக்கம் இல்லாமல் இல்லை, நெஞ்சு கனத்துத்தான் கிடந்தது. அழத்தான் ஒன்றும் மிச்சமில்லை. தூரத்து உறவுக்காரர் ஒருவர், கூடப்பிறந்தவன் இப்படியா கல் மாதிரி நிற்பான் என்று முணுமுணுத்தார். துக்கம் கேட்க வந்திருந்த மாடி வீட்டுக்காரம்மா அவர் பக்கம் திரும்பி, "அவங்க அப்பவே அழுதாச்சுங்க. நான் கூடவேதான் இருந்தேன்," என்றாள். அவர் எப்போது என்று கேட்டார். அவள் வருஷத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கண் தெளிவாக இருந்ததால், வந்தவர்களை வரவேற்பது, தண்ணீர் கொடுப்பது, வண்டிக்குச் சொல்வது எல்லாம் அந்த மூன்று பேர் கைக்கு வந்தன. எல்லாரும் போன பிறகு தம்பியின் மனைவி சுவரில் சாய்ந்தபடி, "நல்லவேளை அக்கா, நீங்களாவது முன்னாடியே அழுது வச்சிருந்தீங்க. இல்லன்னா இன்னைக்கு இதையெல்லாம் யாரு பாத்திருப்பா?" என்றாள். மேஸ்திரியின் மனைவி ஆமாம் என்று சொல்லிவிட்டு, வாடகை நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் அடுக்கப் போனாள்.