கப்பலேறிப் போன கயிறு

நாற்பத்தேழு வயதில் எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். படித்ததெல்லாம் அடுத்தவன் சொத்து மாதிரியே இருக்கும். கிழக்கேகோட்டையில் ஞாயிறுதோறும் நடக்கிற இங்கிலீஷ் வகுப்பில் ஸ்வப்னா டீச்சர் ஒருநாள் போர்டில் எழுதினார். சி, ஓ, ஐ, ஆர். கொயர்.

"இது நம்ம பக்கத்துலேருந்து கப்பலேறிப் போன வார்த்தை."

"கயிறுதானே டீச்சர்?" என்றேன். இத்தனை வருஷம் என் உள்ளங்கைத் தோலை உரித்த பொருள்.

என்னோடு கட்டட வேலை செய்கிற மலையாளி சுதீஷ் பக்கத்தில் சிரித்தான். "அது எங்க கயர், அண்ணா. உங்க கயிறு இல்ல, கேட்டோ."

டீச்சர் அகராதியைப் புரட்டினார். "மலையாளம்னுதான் போட்டிருக்கு."

"இங்கிலீஷுக்குப் போன கட்டுமரம் உங்களுதுதான். அதை எடுத்துக்கோ," என்றான் சுதீஷ், பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல. நான் கடலில் கால் வைத்ததே இல்லை.

மறுநாள் வலியசாலையில் வேலை. ஆறு வருஷமாக அவன் மேலே, நான் கீழே. கூடையில் செங்கல் அடுக்கி, கயிற்றில் முடிச்சுப் போட்டு, கையை எடுத்தபிறகு நான் "ஏத்து" என்று குரல் கொடுக்கவேண்டும். அதற்கப்புறம்தான் அவன் இழுப்பான். அன்றைக்கு அவனோடு பேசுவதில்லை என்றிருந்தேன். குரலுக்குப் பதில் கயிற்றை இரண்டு தடவை சுண்டினேன். மூன்று கூடை ஒழுங்காகப் போனது. நாலாவதில் முடிச்சு தளர்ந்திருந்தது. இறுக்குவதற்காக அசைத்தேன். சுண்டினதாக நினைத்து அவன் இழுத்துவிட்டான். என் வலதுகை ஆள்காட்டி விரல் முடிச்சுக்குள்.

நான் கத்தினதும் மெல்லத் தளர்த்தினான். சட்டென்று விட்டிருந்தால் கூடை என் கால்மேல்தான். ஏணியில் ஓடி இறங்கி வந்தான்.

"வாய் இல்லையா அண்ணா? ஒரு வார்த்தைக்காகவா இப்படி?"

"எனக்குன்னு அந்த ஒண்ணுதானடே கிடைச்சுது."

அவன் தலைத்துண்டைக் கிழித்து விரலில் சுற்றினான். அடுத்த கூடைக்கு நான் "ஏத்து" என்றேன். சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

அடுத்த ஞாயிறு டீச்சர் போன வாரத்து வார்த்தையும் அர்த்தமும் எழுதச் சொன்னார். எனக்கு விரல் மடங்கவில்லை. சுதீஷ் என் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். தமிழ் எழுத்துத் தெரியாதவன், என் பழைய பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் படம் வரைவதுபோல வரைந்தான். கயிறு. அதற்கு முன்னால் மலையாளத்தில் கயர் என்று ஏற்கெனவே எழுதியிருந்தான்.

அவனுடையதுதான் முதலில். விரல் ஆறட்டும், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.