லுகோ கிணற்றில் ஒட்டகத் தாளம்

கல்கலோவின் குரலை லுகோ கிணற்றுக்காரர்கள் யாரும் குறை சொன்னதில்லை. குறையெல்லாம் அவன் வாயைப் பற்றித்தான். அவ்வளவு இனிமையான பாட்டும் அவ்வளவு கெட்ட வசவும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்பதை வெளியூர்க்காரர்கள் சட்டென்று நம்ப மாட்டார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

கிணற்றுக்குள் ஆண்கள் ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக மரப்படிகளில் நிற்பார்கள். நிறைந்த தோல்வாளி கைமாறிக் கைமாறி மேலே வரும், காலி வாளி அதே வழியில் கீழே போகும். கயிறும் கிடையாது, உருளையும் கிடையாது. பாட்டு ஒன்றுதான். மேல்படியில் நிற்பவன் ஒரு வரி பாடுவான், கீழே நிற்பவர்கள் எதிர்வரி பாடுவார்கள், அந்த அடிக்கு எல்லாக் கைகளும் ஒன்றாக நீண்டு ஒன்றாக மடங்கும். தொட்டியில் எந்த மாடு வாய் வைக்கிறதோ அதன் பெயரைத்தான் பாடுவார்கள். குழிக்குள் நிற்பவனுக்குத் தன் மாடு குடிக்கிறதா இல்லையா என்று வேறெப்படித் தெரியும்? குடிக்காத மாட்டின் பெயரைப் பாடுவது எங்களிடம் பொய்ச் சத்தியத்துக்குச் சமம். எவ்வளவு பெரிய புளுகனும் அதைச் செய்ய மாட்டான்.

அந்த மேல்படி பல கோடைகளாகக் கல்கலோவுடையது. அதில் நிற்கும்போது அவன் நெஞ்சு இரண்டு விரற்கடை கூடுதலாக நிமிர்ந்திருக்கும். போன கோடையில் மேட்டு நிலத்து ஒட்டகக்காரர்கள் தண்ணீர் கேட்டு வந்தார்கள். அவர்களுடைய லாச்சோ என்கிற கிழட்டுப் பெண் ஒட்டகம், அன்று காலைதான் களிமண் பூசிய ஈரத் தொட்டிக்குள் காலை விட்டு, போதாக்குறைக்கு அதன்மேல் உட்கார்ந்தும் விட்டது. தொட்டி இரண்டாகப் பிளந்தது. இறைத்த தண்ணீரெல்லாம் மணலுக்குப் போயிற்று. அன்று கல்கலோவின் புள்ளி மாடு புர்ரேக்குத் தண்ணீர் இல்லை, பால் வற்றியது, மறுநாள் அதன் கன்று செத்தது. கல்கலோ ஊர்மன்றத்தின் நடுவில் எழுந்து நின்று சத்தியம் செய்தான்.

"என் தொண்டையில பாட்டு இருக்குற வரைக்கும் இந்தக் கிணத்துல ஒட்டகப் பாட்டு ஏறாது. கேட்டுக்கங்க எல்லாரும்!"

எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். ஒட்டகக்காரர்களும் கேள்விப்பட்டார்கள். எங்கள் பக்கம் மழைதான் மெதுவாக வரும், வசவு ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தக் கோடை அதைவிட மோசம். பருவமழை இரண்டு முறை ஏமாற்றிவிட்டது. வாலிபர்கள் வறட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு புல் இருக்கும் திசையில் போய்விட்டார்கள். ஊரில் இருந்தது பால்மாடுகளும் குழந்தைகளும் நரைத்த தலைகளும்தான். கிணற்றிலோ தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அடியில் புதிதாகப் படிகள் கட்டினார்கள். கட்டிய பிறகுதான் அந்தப் படிகளில் நிறுத்த ஆள் இல்லை என்பது உறைத்தது.

எங்கள் முறைநாள் காலையில் மாடுகள் தொட்டிக்குப் போகும் சரிவுப் பாதையில் இறங்கின. பாதி வழியில் புர்ரே முன்னங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டாள். கல்கலோ வாலைப் பிடித்துத் தூக்கினான், கெஞ்சினான், திட்டினான். அவன் மனைவி கபலே ஒரு கலயத்தில் கலங்கல் தண்ணீர் கொண்டுவந்து மூக்கில் வைத்தாள். புர்ரே முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கன்று போட்டிருந்த அவள் பாலைத்தான் வீட்டில் கைக்குழந்தை உட்பட அத்தனை வாயும் நம்பியிருந்தது. உட்கார்ந்த மாடு பொழுது சாய்வதற்குள் எழுந்து தொட்டியில் வயிறு நிறையக் குடிக்காவிட்டால் பிறகு எழுந்திருக்காது. இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேட்டின் மேல் ஒட்டகங்களின் கழுத்துகள் வரிசையாகத் தெரிந்தன.

முன்னால் வந்தவன் எலேமா. ஒட்டகக்காரர்களின் பாட்டுக்காரன். கழி போல உயரம், அவசரமே இல்லாத பேச்சு. எங்கள் முறைத்தலைவர் தூபா, அதாவது யார் மாடு எப்போது குடிக்கும் என்று சொல்லும் பெரியவர், எழுந்து எதிர்கொண்டார்.

"சமாதானமா?"

"சமாதானம். ஒங்க மாடுங்க சமாதானமா?"

"சமாதானம். ஒங்க ஒட்டகங்க சமாதானமா? புள்ளைங்க? புல்லு?"

"எல்லாம் சமாதானம்."

இரண்டு பக்கமும் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் விசாரிப்பில் ஒரு சொல் குறையவில்லை. அதற்குப் பிறகுதான் எலேமா விஷயத்துக்கு வந்தான்.

"எங்ககிட்ட ஆளு இருக்கு, கிணறு வத்திப்போச்சு பெரியவரே. ஒங்ககிட்ட கிணறு இருக்கு, ஆளு இல்ல. ஒங்க மாடு மொதல்ல குடிக்கட்டும். எங்க ஒட்டகம் காத்திருக்கும், அதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

"ஆமாமா, பொறுமை ஜாஸ்திதான்," என்றான் கல்கலோ மேல்படியிலிருந்து. "போன தடவை எங்க தொட்டியிலயே பாய் விரிச்சுப் படுத்துச்சே."

"வாய மூடு கல்கலோ," என்றார் தூபா. "தண்ணின்னு வந்தவங்கள இல்லேன்னு சொல்ல ஒனக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல. எறங்குங்கப்பா."

ஒட்டகக்காரர்கள் கீழ்ப்படிகளில் இறங்கினார்கள், எங்கள் ஆட்கள் மேல்படிகளில் நின்றார்கள். கல்கலோ தன் மாட்டுப் பாட்டைத் தொடங்கினான். துள்ளலான பாட்டு, குறுகிய அடி, மாடு குளம்பு வைக்கிற மாதிரி டக் டக்கென்று போகும். எங்கள் ஆட்களின் கைகள் உடனே பிடித்துக்கொண்டன. ஒட்டகக்காரர்களின் கைகளோ தம் போக்கில் நீளமாக ஆடின. தாய் வயிற்றில் இருக்கும்போதே ஒட்டக நடையில் அசைந்து பழகியவர்கள் அவர்கள். இங்கே கை நீளும்போது அங்கே கை மடங்கியது. முதல் வாளி ஒருவன் முழங்கையில் இடித்தது, இரண்டாவது ஒருவன் தலையில் கவிழ்ந்தது, மூன்றாவது கீழே விழுந்து அடியில் நின்றவனின் தோளைப் பதம் பார்த்தது.

"கையா, காலா அது?"

"ஒன் பாட்டுக்கு என்ன பேதியா? ஏன்யா அந்த ஓட்டம் ஓடுது?"

"மாடு மேய்க்கிறவனுக்குத்தான் பாட்டு. நீ போய் முள்ளு தின்னு!"

மேலே வந்து சேர்ந்த சொற்பத் தண்ணீரைக் கபலே பூசியிருந்த புதுக் களிமண்ணே குடித்துவிட்டது. காய்ந்த தொட்டி அப்படித்தான், அதன் தாகம் தீர்ந்த பிறகுதான் மாட்டுக்கு விடும். வாளிகள் இடைவிடாமல் வந்து விழுந்தால்தான் தண்ணீர் நிற்கும். நண்பகல் தாண்டியும் தொட்டியில் ஈரம் மட்டுமே மினுங்கியது. புர்ரே இப்போது கழுத்தையும் தரையில் கிடத்தியிருந்தாள்.

தூபா கையை உயர்த்தி வேலையை நிறுத்தினார். எலேமா ஏறி வந்தான், தலையிலிருந்து சேறு வழிந்தது.

"எங்க தாளத்துல பாடலாம். நிதானமான தாளம், ஒங்க ஆளுங்க கை தானாப் புடிச்சுக்கும். வேகமான தாளம் எங்க கைக்கு வராது. ஒரு நாள்ல வராது."

எல்லோரும் கல்கலோவைப் பார்த்தார்கள். மன்றத்தில் செய்த சத்தியத்தைத் திரும்பப் பெற எங்களிடம் வழி உண்டு. ஆனால் பாட்டுக்காரனுக்கு அது சுலபமான வழி இல்லை. அவன் மேல்படியை விட்டு இறங்க வேண்டும். கிணற்றின் அடியில், இடுப்பளவு சேற்றில், வாளி மொள்ளும் இடத்தில் அந்தக் கோடை முழுவதும் நிற்க வேண்டும். அடுத்த மழை வரை மேல்படியில் கால் வைக்கக் கூடாது.

"முடியாது," என்றான் கல்கலோ. "என் கன்னுக்குட்டிய சாகடிச்ச பாட்டு அது."

கபலே தொட்டிக் களிமண் அப்பிய கைகளோடு எழுந்து வந்தாள். ஊரில் கல்கலோவின் வாய்க்கு ஈடு கொடுக்கக்கூடிய வாய் ஒன்று உண்டென்றால் அது அவளுடையது.

"பாட்டா கன்னுக்குட்டிய சாகடிச்சுது? தண்ணி இல்லாம செத்துது. இன்னைக்குத் தாய் சாகப்போகுது. அதுக்கு எந்த ஒட்டகத்த சொல்லப்போற? ஒட்டகம் அதோ சும்மா நின்னு அசைபோட்டுட்டு இருக்கு. இன்னைக்கு சாகடிக்கப்போறது நீதான்."

"கபலே, அது சத்தியம்டி. மன்றத்துல வச்சு…"

"நீ சத்தியம் பண்ணுன, பாராட்டுனாங்க, நானும் பக்கத்துல நின்னு பெருமைப்பட்டேன். போதும். சின்னவ காலையிலேர்ந்து காலிக் கலயத்த நக்கிட்டு இருக்கா. ஒனக்கு அந்த மேல்படி பெருசுன்னா அதையே கறந்து அவளுக்குக் குடு."

கல்கலோ புர்ரேயைப் பார்த்தான். அவள் காது மட்டும் ஈயை விரட்ட ஒரு முறை அசைந்தது. அவன் மேலாடையைக் கழற்றிக் கபலேயின் தோளில் போட்டுவிட்டு, படி படியாக இறங்கினான். ஒவ்வொரு படியிலும் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட்டார்கள். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவனுடைய காலியான மேல்படியில் எலேமா போய் நின்றான்.

அடியில் சேறு பனிக்கட்டி மாதிரி சில்லென்றிருந்தது. அண்ணாந்தால் வானம் ஒரு தட்டளவு தெரிந்தது. மேலே எலேமா ஒட்டகத் தாளத்தில் முதல் அடியை எடுத்தான். கீழிருந்து எதிர்வரி போக வேண்டும், அது இப்போது கல்கலோவின் வேலை. ஆனால் அவனுக்கு ஒட்டகப் பாட்டு ஒரு வரிகூடத் தெரியாது. ஒட்டகத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் வசவுதான்.

சரி, இருப்பதைத்தானே கொடுக்க முடியும்? அதையே நீட்டி, அந்தத் தாளத்தில் போட்டுப் பாடினான்.

"ஓ… கழுத்து எங்கேயோ, உடம்பு எங்கேயோ…
ஓ… மாமியார் மாதிரி உதட்டைப் பிதுக்குறவளே…"

ஒட்டகக்காரன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அடுத்தவன் அதே தாளத்தில் திருப்பிக் கொடுத்தான்.

"ஓ… ரெண்டு நாள் தாகத்துக்கே மண்டி போடுறவளே…
ஓ… வாலால ஈ ஓட்டவே நேரம் பத்தாதவளே…"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒட்டகத்துக்கு ஒரு வசவு, மாட்டுக்கு ஒரு வசவு. தனக்கு வரும் அடியைத் தவறவிட்டால் மறுமொழி சொல்லும் வாய்ப்பு போய்விடுமே என்ற ஆத்திரத்தில் ஒருவன் கையும் தாளம் தப்பவில்லை. வாளிகள் மேலே போயின, வந்தன, போயின. கல்கலோ மொண்டு கொடுத்துக்கொண்டே பாடினான். பாடப் பாடத்தான் அவனுக்கு ஒன்று புலப்பட்டது. மேல்படியில் நின்று பாடிய காலமெல்லாம் அவன் குரல் பாதி காற்றோடு போய்விட்டிருக்கிறது. இங்கே, அடியில், அது சுவரெல்லாம் மோதித் திரண்டு ஏறியது. ஒரே ஆள் பாடினான், நூறு பேர் பாடுவது மாதிரி கேட்டது. வெட்கப்பட வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அவன் வாழ்க்கையிலேயே மிக நன்றாகப் பாடினான். அவனுக்கே அது தெரிந்தது, சந்தோஷம் தாங்கவில்லை.

மேலே தொட்டியின் தாகம் தீர்ந்தது. தண்ணீர் நிற்கத் தொடங்கியது. வசவு ஓய்ந்து பெயர்கள் தொடங்கின. கபலே சொல்லச் சொல்ல எலேமா பாடினான். தூபாவின் செவலை, பக்கத்து வீட்டுக் கொம்பொடிந்தவள், இரட்டைக் கன்று போட்டவள் என்று ஒவ்வொரு பெயராக இறங்கி வந்தது. அடியில் நின்றவன் ஒவ்வொன்றுக்கும் எதிர்வரி கொடுத்தான். அவன் காத்திருந்த பெயர் மட்டும் வரவில்லை.

இன்னொரு மாடு. இன்னொன்று. வானத்தட்டு வெள்ளையிலிருந்து மஞ்சளாகிவிட்டது. கல்கலோவால் யாரிடமும் கேட்கவும் முடியாது, கேட்டால் தாளம் அறுந்துவிடும். அவன் மொண்டான், கொடுத்தான். பாட்டு நடுவில் ஒரு நொடி நின்று, திரும்பத் தொடங்கியது.

"ஓ… புர்ரே…"

எலேமாவின் குரல்தான். நீளமான, அவசரமில்லாத, ஒட்டக நடைக் குரல்.

"ஓ… எழுந்து வந்த புள்ளிக்காரி… புர்ரே…"

ஊர்க்காரன் எவனாவது பாடியிருந்தால் தன் மனம் நோகாமல் இருக்கச் சொல்கிறானோ என்று கல்கலோ சந்தேகப்பட்டிருப்பான். எலேமாவுக்கு அவன் மனத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் எதுவும் கிடையாது. குடிக்காத மாட்டின் பெயரை ஒட்டகக்காரனும் பாட மாட்டான். புர்ரே நின்றுகொண்டிருக்கிறாள். புர்ரே குடித்துக்கொண்டிருக்கிறாள்.

இடுப்பளவு சேற்றில் நின்று கல்கலோ வாய் விட்டு அழுதான். அழுதுகொண்டே எதிர்வரி கொடுத்தான். படிகளில் நின்ற அத்தனை பேரும், மாட்டுக்காரர்கள் ஒட்டகக்காரர்கள் என்றில்லாமல், புர்ரே புர்ரே என்று முழங்கினார்கள். சரிவுப் பாதை மேட்டிலிருந்து பெண்கள் குலவையிட்டது அடிவரை கேட்டது.

பிறகு ஒட்டகங்களின் முறை வந்தது. தொட்டியில் முதலில் வாய் வைத்தவள் லாச்சோ, போன கோடையில் அதன்மேல் உட்கார்ந்த அதே கிழவி. இந்த முறை அவள் தொட்டிக்கு வெளியே அடக்கமாக நின்று கழுத்தை மட்டும் நீட்டினாள் என்று கபலே பிற்பாடு சொன்னாள்.

மேலிருந்து எலேமா அவள் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினான். எதிர்வரி வருமா என்று கிணறு முழுவதும் காத்திருந்தது.

கல்கலோ வாளியில் தண்ணீர் மொண்டு தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தான். "ஓ… லாச்சோ…" என்று பாடினான். நாள் முழுக்கப் பாடியதில் தொண்டை கம்மிக் கரகரத்தது. அப்போதும் யாரும் குறை சொல்லவில்லை.