கனேலாவின் புது ஷூ

இந்தக் காலத்து ஜனங்களுக்குச் செத்தவள் காலில் கிடக்கிற ஷூமேல்கூட ஆசை வந்துவிடுகிறது. லம்ப்ரோஸ் இதை மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. மனைவி கனேலாவின் சவப்பெட்டிக் கால்மாட்டில் குனிந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"யாருடி இதைப் போட்டுக்கிட்டு நடந்தது? மரியாதையா சொல்லிடுங்க."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினார்கள். கனேலாவின் தங்கை டூலா எழுந்து வந்தாள்.

"என்ன பேச்சு அத்தான் இது? நேத்து நான்தான் டப்பாவிலேருந்து எடுத்து அக்காவுக்கு மாட்டிவிட்டேன். அடியில விலைச் சீட்டைக்கூட உரிக்கல."

"எங்க அந்தச் சீட்டு?"

டூலா குனிந்தாள். சீட்டு இல்லை. இருந்த இடத்தில் பசை மட்டும் அழுக்கேறிக் கிடந்தது. அடித்தோலில் புதுக் கீறல்கள். குதிகால் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் பொடி மணல், ஈரமாக. அந்த மலையில் இருப்பது செம்மண்ணும் பாறையும். மணல் வேண்டுமென்றால் லாரியில்தான் வரவேண்டும்.

"விடிய விடிய நாங்க இங்கதானே உக்காந்திருந்தோம்" என்றாள் டூலா. அவள் குரல் இறங்கிவிட்டது.

"உக்காந்தா இருந்தீங்க? எல்லாரும் தூங்கி வழிஞ்சீங்க. குறட்டை எனக்கே கேட்டுது."

"காதுல பஞ்சை வச்சுக்கிட்டா?"

லம்ப்ரோஸ் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஞ்சு இருந்தது.

அந்த ஷூ நாப்லியோவுக்குப் போவதற்காக வாங்கியது. சமையலறைக் காலண்டரில் அந்த ஊரின் படம் இருந்தது. மலைமேல் ஒரு கோட்டை, கடலுக்கு நடுவே இன்னொரு குட்டிக் கோட்டை. மாதம் முடிந்தும் கனேலா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. வழியில் திரிப்போலியில் எங்கே பஸ் மாறவேண்டும், எந்தக் கடையில் மீன் நன்றாகப் பொரிப்பார்கள் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். கடற்கரை ஊர்க்காரன் எல்லாம் திருடன், அங்கே அடிக்கிற காற்றில் காது போய்விடும் என்று லம்ப்ரோஸ் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். போன வாரம் அவளே அறையும் சொல்லிவைத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம்தான் அவர், "சரிடி, வந்து தொலைக்கிறேன்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, அலமாரிமேல் இருந்த பயணப் பெட்டியை எடுக்க நாற்காலியில் ஏறினாள். பெட்டியைத் தொடுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

இன்று காலை பஸ்ஸில் அவர்கள் கிளம்பியிருக்கவேண்டும்.

"நாப்பது நாளு ஆத்மா அலையும் லம்ப்ரோஸ்" என்றாள் பக்கத்து வீட்டு மரீகோ, தண்ணீர் டம்ளரைப் பிணத்தின் தலைமாட்டில் நகர்த்தி வைத்தபடி. "ஆசைப்பட்ட எடத்தையெல்லாம் பாத்துட்டு வரும்."

"அலையட்டும். அதுக்கு ஷூ எதுக்கு? ஆவிக்குக் கால் வலிக்குதா?"

லம்ப்ரோஸ் நிமிரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து கனேலா அவர் இல்லாமல் அந்த மலையைத் தாண்டியது கிடையாது.

"தனியாப் போக மாட்டா அவ" என்றார் ஷூவைப் பார்த்துக்கொண்டே. பிறகு டூலாவிடம் திரும்பினார். "அந்த ரூம்காரிக்குப் போன் போடு. வரலைன்னு சொல்லிடு. இல்லாட்டி வந்து தங்கினோம்னு காசு கேப்பா."

டூலா ஸ்பீக்கரில் போட்டாள். "கனேலாங்கிற பேர்ல ஒரு ரூம்…" என்பதற்குள் அந்தப் பக்கத்துக் குரல் கலகலவென்று பேச ஆரம்பித்துவிட்டது.

"அம்மா வந்து சேந்தாச்சு, கவலைப்படாதீங்க! காலையிலேயே வந்துட்டாங்க. கையில பெட்டிகூட இல்ல. வீட்டுக்காரர் பின்னாடி எடுத்துக்கிட்டு வருவாருன்னாங்க. நேரா கடலோரம் நடந்துட்டு வந்து, வாசல்ல ஷூவைத் தட்டிட்டுத்தான் உள்ள நுழைஞ்சாங்க. நல்ல மாதிரி."

லம்ப்ரோஸ் போனைப் பிடுங்கினார்.

"எந்த ரூம் குடுத்த?"

"கடல் தெரியுற ரூமைத்தான் காட்டினேன். வேணாம்னுட்டாங்க. பின்பக்கம் போதுமாம். அவருக்கு இடது காதுல காத்து பட்டா ஆகாதுன்னாங்க."

எல்லாப் பெண்களும் அவர் காதைப் பார்த்தார்கள்.

"கிழவன்னா காது வலிக்கத்தான் செய்யும்" என்றார் லம்ப்ரோஸ். "இதென்ன பெரிய கண்டுபிடிப்பா?"

"நம்பலையா? மாடியிலதான் இருக்காங்க, இருங்க கூப்பிடுறேன். அம்மா! உங்க வீட்டுக்காரர் லைன்ல இருக்கார்!"

போனுக்குள் ஒரு கதவு திறந்தது. மரப்படி ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டது. பழகாத புது ஷூவில் இறங்குகிறவரின் நிதானமான நடை. லம்ப்ரோஸ் சவப்பெட்டியைப் பார்த்தார். கனேலா கண் மூடிக் கிடந்தாள். நெற்றியில் மெழுகுவர்த்தியின் வெளிச்சம் ஆடியது. கடைசிப் படியில் சத்தம் நின்றது. மூச்சு வாங்கும் ஒலி அருகே வந்தது.

அவர் போனை அணைத்துவிட்டார்.

"ஏமாத்துக்காரி" என்றார்.

"ரூம் வேண்டாம்னு சொல்லவே இல்லையே அத்தான்?"

"லைன் கட்டாயிடுச்சு."

மதியம் பாதிரியார் வந்தார். சவப்பெட்டியை மூடும் முன் லம்ப்ரோஸ் கைக்குட்டையால் அந்தக் குதிகாலைத் துடைத்தார். மணல் இன்னும் காயவில்லை. துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் விட்டுவிட்டார். கல்லறையில் எண்ணெய் ஊற்றினார்கள், மண் போட்டார்கள். மற்றவர்கள் வழக்கப்படி காப்பிக்கும் பிராந்திக்கும் டூலா வீட்டுக்குப் போனபோது அவர் மட்டும் தன் வீட்டுக்குள் போய், நேற்றுக் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, அதன்மேல் ஏறினார்.

அவர் வெளியே வந்து பஸ் நிற்கிற சாலைப் பக்கம் திரும்பியதை டூலா தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"எங்க அத்தான் கிளம்பிட்டீங்க?"

"அந்த ஏமாத்துக்காரி மூஞ்சியை நேர்ல பாக்கணும். என்கிட்டயே கதை விடுறா."

"அதுக்குப் பெட்டி எதுக்கு?"

பெட்டி கனமாகத்தான் இருந்தது. கைமாற்றிக்கொண்டு, "எல்லாம் பித்தலாட்டம்" என்று முனகியபடி சரிவில் இறங்கினார். வழிநெடுக மரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை. நாலடி நடந்தவர் நின்று, காதுப் பஞ்சை விரலால் உள்ளே அழுத்திக்கொண்டு தொடர்ந்து நடந்தார்.